மேசையிலிருந்து திரைக்கு: போர் விளையாட்டுகள் நமக்குச் சொல்லும் பாடம்

மூன்றாம் ஆண்டு மாணவி, கணிப்பொறியியல் பிரிவு



நமது கல்லூரிப் பஸ்ஸில் பின்சீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தால், நாலு பேராவது தலையைக் குனிந்து செல்போனில் படை நடத்திக் கொண்டிருப்பார்கள். ஒரு தட்டுத் தட்டினால் டாங்கி நகர்கிறது. இன்னொரு தட்டில் எதிரியின் கோட்டை சரிகிறது. அந்த டாங்கி ஏன் ஐந்து கட்டத்தோடு நின்றது, கோட்டை ஏன் மூன்றாவது அடியில் விழுந்தது என்று கேட்டுப் பாருங்கள். "கேம் அப்படித்தான்" என்று பதில் வரும்.

அந்த "அப்படித்தான்" என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. கம்ப்யூட்டர் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே மேசையில் வரைபடம் விரித்து, பகடை உருட்டி, பட்டியலைப் பார்த்துக் கணக்குப் போட்டவர்களின் வேலையைத்தான் இன்று செல்போன் செய்கிறது. மேசைப் போர் விளையாட்டு எப்படிக் கம்ப்யூட்டர் விளையாட்டாக மாறுகிறது, மாறும்போது லாபம் என்ன, நஷ்டம் என்ன, டிப்ளமோ படிக்கும் நமக்கு இதில் என்ன பாடம் என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சதுரங்கத்திலிருந்து வரைபடத்துக்கு

செஸ் நம் எல்லோருக்கும் தெரியும். யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படைதான் சதுரங்கம். ஆனால் சதுரங்கத்தில் மழை இல்லை, மேடு பள்ளம் இல்லை, சந்தேகமும் இல்லை. குதிரை வந்து விழுந்தால் சிப்பாய் செத்தான். நிஜப் போரில் அப்படி நடப்பதில்லையே!

இந்தக் குறையைத் தீர்க்க 1780-ல் ஜெர்மானியப் பகுதியான பிரன்ஸ்விக்கில் ஹெல்விக் என்ற ஆசிரியர் சதுரங்கப் பலகையைப் பெரிதாக்கினார். 64 கட்டத்துக்குப் பதிலாக 1,617 கட்டங்கள். எது மலை, எது நீர், எது சமவெளி என்று கட்டங்களுக்கு நிறம் கொடுத்தார். காடு, மலை, ஆறு எல்லாம் ஆட்டத்துக்குள் வந்தன.

அடுத்த பெரிய படி பிரஷ்யாவில் நடந்தது. அங்கே ரைஸ்விட்ஸ் என்ற குடும்பத்தில் அப்பா தொடங்கிய வேலையை மகன் முடித்தார். மகன் பீரங்கிப் படை அதிகாரி. அவர் 1824-ல் வெளியிட்ட "கிரீக்ஸ்ஷ்பீல்" என்ற விதிமுறைதான் இன்றைய போர் விளையாட்டுகளுக்கெல்லாம் மூதாதை எனலாம். அந்தப் பெயருக்கு ஜெர்மன் மொழியில் போர் விளையாட்டு என்றே பொருள். அதில் கட்டங்களே இல்லை. 1:8000 அளவில் வரைந்த உண்மையான வரைபடம், அதாவது தாளில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் 80 மீட்டர். ஒரு சுற்று என்பது இரண்டு நிமிடப் போர். இரண்டு பக்கத்தாரும் தங்கள் உத்தரவை எழுதி நடுவரிடம் கொடுப்பார்கள். நடுவர் பட்டியலைப் பார்த்து, பகடை உருட்டி, யாருக்கு எவ்வளவு இழப்பு என்று சொல்வார். எதிரி எங்கே இருக்கிறான் என்பது நடுவருக்கு மட்டும்தான் முழுமையாகத் தெரியும்.

நல்ல முறைதான். ஆனால் பட்டியல்கள் அதிகம், கணக்கு அதிகம். நடுவருக்கு வேலை மாளாது, ஆட்டமும் நகராது. 1876-ல் வெர்டி து வெர்நுவா என்ற பிரஷ்யத் தளபதி வேறு வழி சொன்னார். பட்டியலை மூடி வையுங்கள், அனுபவமுள்ள நடுவர் தன் அறிவால் தீர்ப்புச் சொல்லட்டும் என்றார். ஆட்டம் வேகமானது. ஆனால் நடுவர் தவறாகச் சொன்னால் அதைச் சரிபார்க்க ஆட்டக்காரன் கையில் ஒன்றும் இல்லாமல் போனது.

நண்பர்களே, இந்த இரண்டு வழிகளையும் மனதில் வைத்துக் கொள்ளுங்கள். ஒன்றில் விதி வெளியே தெரிகிறது, வேலை கனம். மற்றொன்றில் வேலை லேசு, விதி ஒருவர் தலைக்குள் ஒளிந்து கொள்கிறது. கம்ப்யூட்டருக்கு வரும்போது இதே கேள்விதான் வேறு உடுப்பில் வந்து நிற்கிறது.

விதிப் புத்தகம் என்னும் புரோகிராம்

ராணுவ அதிகாரிகளின் அறையில் இருந்த விளையாட்டைச் சாதாரண மக்களின் வீட்டுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் சார்லஸ் ராபர்ட்ஸ். 1954-ல் "டாக்டிக்ஸ்" என்ற விளையாட்டைத் தானே விற்றார். பிறகு பால்டிமோர் பகுதியில் அவலான் ஹில் நிறுவனத்தைத் தொடங்கினார். 1863-ல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் நடந்த சண்டையை வைத்து 1958-ல் "கெட்டிஸ்பர்க்" வந்தது. 1961-ல் அதன் புதுப் பதிப்பில் சதுரக் கட்டம் போய் அறுகோணக் கட்டம் வந்தது. தேனடை மாதிரி இருக்கும் அந்தக் கட்டத்துக்கு ஹெக்ஸ் என்று பெயர்.

ஏன் அறுகோணம்? சதுரக் கட்டத்தில் பக்கத்துக் கட்டத்தின் நடுவுக்குத் தூரம் 1 என்றால், மூலைவிட்டமாகப் போனால் 1.414. இரண்டையும் ஒரே நகர்வு என்று எண்ணினால் குறுக்கே போகிறவனுக்கு லாபம். அறுகோணத்தில் சுற்றியுள்ள ஆறு கட்டமும் ஒரே தூரம். யாருக்கும் சலுகை இல்லை.

வீட்டில் ஆடும்போது நடுவர் கிடையாது. ஆகவே விதி முழுவதையும் புத்தகத்தில் அச்சடித்தார்கள். "காட்டுக்குள் நுழைய இரண்டு புள்ளி செலவு", "எதிரியின் பக்கத்துக் கட்டத்துக்கு வந்தால் நிற்க வேண்டும்" என்று ஒவ்வொன்றாக எழுதினார்கள். நன்றாக யோசித்தால் அது ஒரு புரோகிராம்தான். அதை ஓட்டும் பிராசசர் மட்டும் மனித மூளை.

ஒரு உதாரணம் பார்ப்போம். சண்டை முடிவைச் சொல்லும் பட்டியலில் முதலில் இரண்டு பக்கத்து பலத்தின் விகிதம் பார்க்க வேண்டும். தாக்குபவர் பலம் 11, காப்பவர் பலம் 4. வகுத்தால் 2.75 வரும். இத்தகைய விளையாட்டுகளில் வழக்கமான விதி, மிச்சத்தைக் காப்பவருக்குச் சாதகமாக விடு என்பது. ஆகவே இது 2:1. சி மொழியில் இரண்டு முழு எண்களை வகுத்தாலும் இதே 2 தான் வரும். ஆகா, சுலபம்!

கொஞ்சம் பொறுங்கள். தாக்குபவர் பலம் 4, காப்பவர் பலம் 11 என்றால்? அதே வகுத்தல் இப்போது 0 தரும். ஆனால் விதிப்படி விடை 1:3. காப்பவருக்குச் சாதகமாக 2.75-ஐ மேலே ஏற்ற வேண்டும். எனவே பலம் குறைந்தவர் தாக்கும்போது தனிக் கிளை எழுத வேண்டும். மேசையில் உட்கார்ந்தவர் இதை யோசிக்காமலே சரியாகச் செய்துவிடுவார். கம்ப்யூட்டர் செய்யாது. "சொன்னால்தானே தெரியும்" என்று அது நம்மைப் பார்க்கும். மேசை விளையாட்டை மாற்றுவதில் முதல் பாடம் இதுவே: மனிதர்கள் சொல்லாமலே நிரப்பிக் கொண்ட இடங்களையெல்லாம் தேடிப் பிடித்து எழுத வேண்டும்.

கம்ப்யூட்டர் தூக்கிக் கொள்ளும் சுமைகள்

மேசையில் மனிதன் தூக்கிய பல சுமைகளை இயந்திரம் வாங்கிக் கொள்கிறது. முக்கியமானவை நான்கு.

(1) வரைபடக் கணக்கு. அறுகோணக் கட்டத்தை மெமரியில் எப்படி வைப்பது? அர்ரே என்பது வரிசையும் நெடுக்கையும் கொண்ட சதுர அமைப்பு ஆயிற்றே! ஒரு வழி, ஒவ்வொரு இரண்டாவது வரிசையையும் அரைக் கட்டம் தள்ளி வைத்ததாக எண்ணிக் கொள்வது. இதில் ஒற்றைப்படை வரிசைக்கு ஒரு கணக்கு, இரட்டைப்படை வரிசைக்கு ஒரு கணக்கு என்று தலைவலி. இன்னொரு வழி அழகானது. ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று எண்கள் கொடுங்கள். மூன்றையும் கூட்டினால் எப்போதும் பூஜ்யம் வர வேண்டும். பக்கத்துக் கட்டத்துக்குப் போக ஒரு எண்ணில் 1 கூட்டி, வேறொரு எண்ணில் 1 கழித்தால் போதும். அப்படி ஆறு வழிதான் உண்டு, ஆறு பக்கமும் சரியாகிவிட்டது. (0, 0, 0)-லிருந்து (3, -1, -2)-க்குத் தூரம் என்ன? குறியை விட்டுவிட்டுப் பெரிய எண்ணைப் பாருங்கள்: 3. அவ்வளவுதான்.

(2) நகர்வுக் கணக்கு. சமவெளிக்கு 1, காட்டுக்கு 2, என் கையில் 5 புள்ளி என்றால் எங்கெல்லாம் போகலாம்? மேசையில் விரல் வைத்து எண்ணுவார்கள். கம்ப்யூட்டரில் இது குறைந்த செலவுப் பாதை கண்டுபிடிக்கும் கணக்கு. டைக்ஸ்ட்ரா 1959-ல் வெளியிட்ட வழிமுறை இதற்கு அப்படியே பொருந்தும். நிண்டெண்டோவின் "அட்வான்ஸ் வார்ஸ்" (2001) போன்ற விளையாட்டுகளில் படையைத் தொட்டதும் போகக்கூடிய கட்டங்கள் எல்லாம் நிறம் மாறுகின்றன அல்லவா? அந்தக் கணக்குதான் அது.

(3) மறைவு. மேசையில் இது பெரிய பாடு. இரண்டு பேரும் ஒரே பலகையைப் பார்க்கும்போது எதை மறைப்பது? நடுவர் இல்லாமல் முழுசாக மறைக்க முடியாது. கம்ப்யூட்டருக்கோ இது மிகவும் சுலபம். தெரியாத கட்டத்தை வரையாமல் விட்டால் போதும். 1979-ல் தொடங்கிய எஸ்.எஸ்.ஐ. நிறுவனத்தின் முதல் விளையாட்டு "கம்ப்யூட்டர் பிஸ்மார்க்" (1980). 1941-ல் அட்லாண்டிக் கடலில் ஜெர்மானியப் போர்க்கப்பல் பிஸ்மார்க்கை பிரிட்டிஷ் கடற்படை தேடிய வேட்டைதான் கதை. கடலில் கப்பலைத் தேடுவதே ஆட்டம் என்னும்போது, மறைக்கத் தெரிந்த நடுவர் கிடைத்தது எவ்வளவு பெரிய வசதி என்று எண்ணிப் பாருங்கள்.

(4) எதிராளி. மேசைக்கு எதிரே உட்கார ஆள் வேண்டும். கம்ப்யூட்டர் அந்த ஆளாகவும் ஆகிறது. கிறிஸ் கிராஃபோர்ட் 1981-ல் அடாரி கணினிக்கு எழுதிய "ஈஸ்டர்ன் ஃப்ரன்ட்" இதற்கு நல்ல சான்று. அந்தக் கணினியின் பிராசசர் வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸ். நமது லேபில் மூலையில் கிடக்கும் மிகப் பழைய கம்ப்யூட்டர்கூட அதைவிடப் பல நூறு மடங்கு வேகம். அவ்வளவு மெதுவான இயந்திரம் யோசிக்க ஆரம்பித்தால் ஆட்டக்காரர் தூங்கிவிடுவாரே! கிராஃபோர்ட் செய்த உபாயம் இது: ஆட்டக்காரர் உத்தரவு போட்டுக் கொண்டிருக்கும்போதே, மிச்சமிருக்கும் பிராசசர் நேரத்தில் கம்ப்யூட்டர் தன் திட்டத்தைச் செதுக்கிக் கொண்டே இருக்கும். நாம் எவ்வளவு நேரம் யோசிக்கிறோமோ, அவ்வளவு நேரம் அதுவும் யோசிக்கும். வசதி குறைவாக இருக்கும்போதுதான் மூளை வேலை செய்கிறது என்றால் அது மிகையாகாது.

சுமை இறங்கும்போது தொலைவது என்ன?

இதுவரை எல்லாம் லாபக் கணக்கு. இனி நஷ்டம்.

மேசையில் விதியை நாமே ஓட்டுகிறோம். 2:1 ஏன் வந்தது என்று நமக்குத் தெரியும், ஏனென்றால் வகுத்தது நாம். பகடையை உருட்டியதும் நம் கைதான். தோற்றால் "என் நேரம்" என்று சிரித்துக் கொள்வோம். அதே தோல்வியைத் திரையில் கண்டால் "இது ஏமாத்துது" என்கிறோம்.

"சிவிலைசேஷன்" புகழ் சிட் மேயர் 2010-ல் விளையாட்டு வடிவமைப்பாளர்கள் மாநாட்டில் பேசியபோது இந்த மனநிலையை விளக்கினார். தன் படைக்கு 3:1 சாதகம் என்று திரையில் பார்த்த ஆட்டக்காரர்கள், தோற்றபோது ஏற்கவே இல்லையாம். கணக்குப்படி நாலில் ஒரு முறை தோற்க வேண்டியதுதான். ஆனால் அவர்கள் மனதில் 3:1 என்றால் நிச்சய வெற்றி. கடைசியில் அத்தகைய நிலையில் ஆட்டக்காரரையே ஜெயிக்க வைக்கும்படி கணக்கை வளைத்தார்கள்.

2012-ல் வந்த "எக்ஸ்காம்" விளையாட்டில் சுடுவதற்கு முன் வெற்றி வாய்ப்பு சதவீதத்தில் தெரியும். 95 என்றால் இருபது குண்டுக்கு ஒன்று தவறும். ஒரு முழு ஆட்டத்தில் இருநூறு குண்டு சுட்டால் பத்து தவறுவது நியாயமே. ஆனால் அந்தப் பத்துதான் நெஞ்சில் நிற்கும். சேமித்த இடத்திலிருந்து மறுபடி ஏற்றிச் சுட்டாலும் அதே குண்டு தவறும். பலர் கோபப்பட்டார்கள். உள்ளே நடப்பது சதி அல்ல. பகடை எண்களின் தொடக்க விதை சேமிப்போடு சேர்ந்து பதிவாகிறது, அவ்வளவுதான். சி மொழியில் ரேண்டம் எண் எடுக்கும்போது ஒரே விதையைக் கொடுத்தால் ஒரே வரிசை வருவதை நாமும் லேபில் பார்த்திருக்கிறோமே, அதேதான்.

"ஃபயர் எம்பளம்" வரிசையில் 2002-ல் வந்த விளையாட்டிலிருந்து வேறு ஒரு உபாயம் வந்தது. ஒரு எண்ணுக்குப் பதில் 0 முதல் 99 வரை இரண்டு எண்கள் எடுத்து, அவற்றின் சராசரியைப் பார்க்கிறார்கள். நான் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். திரையில் 90 என்று காட்டினால் உண்மையில் 98.1 சதவீதம். 10 என்று காட்டினால் உண்மையில் 2.1 சதவீதம்தான். நம் மனம் "90 என்றால் கிட்டத்தட்ட உறுதி" என்று நினைப்பதால், அந்த நினைப்புக்கு ஏற்றபடி கணக்கைத் திருத்திவிட்டார்கள். 2016-ல் வந்த "எக்ஸ்காம் 2" விளையாட்டிலும் எளிய நிலைகளில் ஆட்டக்காரருக்குத் தெரியாமல் உதவி செய்யும் கணக்கு உண்டு.

இது சரியா, தவறா? ஆட்டம் சுவையாக இருந்தால் சரி என்பார்கள் சிலர். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. காரணம் சொல்கிறேன்.

என் அப்பா காய்கறி மண்டியில் சுமை தூக்குபவர். எடைக்குத்தான் கூலி. பழைய தட்டுத் தராசு இருந்த நாளில் முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவரே கண்ணால் பார்த்துக் கொள்வார். எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் முள்ளைப் பார்க்கத் தெரியும். இப்போது எலெக்ட்ரானிக் தராசு, சிவப்பு எழுத்தில் எண் மின்னுகிறது. "எண்ணு தெரியுது, முள்ளு தெரியலையே" என்பார். புதுத் தராசு பொய் சொல்கிறது என்று அவர் சொல்லவில்லை. பழையதைவிட அது துல்லியமாகக்கூட இருக்கலாம். ஆனால் சரிபார்க்கும் உரிமை அவர் கையை விட்டுப் போய்விட்டது. எங்கள் குடும்பத்தில் முதலில் பாலிடெக்னிக் படி ஏறியவள் நான். நாளைக்கு அந்தத் தராசுக்குள் இருக்கும் புரோகிராமை எழுதப் போகிறவர்களும் நம்மைப் போன்றவர்கள்தான். முள்ளை எப்படித் திரும்பக் காட்டுவது என்று யோசிக்க வேண்டியது நம் வேலை.

விளையாட்டிலும் இதற்கு வழி உண்டு. அதே எக்ஸ்காமில் ஒரு பட்டனை அழுத்தினால் அந்தச் சதவீதம் எப்படி வந்தது என்று பிரித்துக் காட்டும். குறி பார்க்கும் திறமைக்கு இவ்வளவு, எதிரி மறைவில் நிற்பதற்குக் கழித்தது இவ்வளவு என்று வரிவரியாக வரும். அதுதான் முள். பழைய நடுவரிடம் "ஏன் ஐயா?" என்று கேட்டால் பட்டியலைக் காட்டுவார் அல்லவா, அந்த மரியாதையை இயந்திரமும் நமக்குத் தர வேண்டும்.

மாற்றுவதில் மூன்று வழிகள்

மேசை விளையாட்டைத் திரைக்குக் கொண்டு வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாதையில் போகவில்லை. மூன்று வழிகளைப் பிரித்துச் சொல்லலாம்.

முதல் வழி, எலும்புக்கூட்டை அப்படியே வைப்பது. 1984-ல் "பேட்டில்டிராய்ட்ஸ்" என்ற பெயரில் வந்து மறு ஆண்டே "பேட்டில்டெக்" என்று பெயர் மாறிய மேசை விளையாட்டு இருக்கிறது. பிரம்மாண்டமான இயந்திர மனிதர்களின் சண்டை. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு தாள். கை, கால், மார்பு, தலை என்று தனித்தனியாகக் கவசத்துக்குச் சிறு வட்டங்கள். அடி விழ விழ பென்சிலால் வட்டத்தை அடிக்க வேண்டும். அதிகமாகச் சுட்டால் சூடு ஏறி இயந்திரம் நின்றுபோகும். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜோர்டன் வைஸ்மன் தலைமையிலேயே 2018-ல் கம்ப்யூட்டர் விளையாட்டும் வந்தது. முறை மாற்றி ஆடுவது, உறுப்புவாரியாக அடி விழுவது, சூட்டுக் கணக்கு எல்லாம் அப்படியே இருந்தன. பென்சில் வேலை மட்டும் கம்ப்யூட்டருக்குப் போனது.

ஆனால் இதிலும் ஒரு நுட்பம் உண்டு. மேசையில் இரண்டு பகடை உருட்டிக் கூட்ட வேண்டும். 7 அல்லது அதற்கு மேல் விழ 36-ல் 21 வாய்ப்பு, அதாவது 58.3 சதவீதம். 8 என்றால் 41.7. ஒரே ஒரு எண் கூடியதற்கு 16.6 குறைந்துவிட்டது. ஆனால் 11-லிருந்து 12-க்குப் போனால் 8.3-லிருந்து 2.8. குறைவது 5.5 மட்டுமே. நடுவில் செங்குத்து, ஓரத்தில் சரிவு. இதைக் கவனிக்காமல் "ஒரு எண்ணுக்குப் பத்து சதவீதம்" என்று நேர்கோடாக மாற்றினால் ஆட்டத்தின் குணமே மாறிப் போகும். அட்டையில் இருப்பதை மட்டும் பார்த்துக் காப்பி அடிப்பவர்களுக்கு இது தெரியாது.

இரண்டாம் வழி, எலும்பை விட்டு உயிரை எடுப்பது. 1987-ல் தொடங்கிய "வார்ஹேமர் 40,000" பொம்மைப் படைகளை வைத்து முறை மாற்றி ஆடும் மேசை விளையாட்டு. அதிலிருந்து 2004-ல் வந்த "டான் ஆஃப் வார்" முறை வைத்து ஆடுவதையே விட்டுவிட்டது. எல்லாம் நிற்காமல் ஓடும் சண்டை. ஆனாலும் மேசையில் இருந்ததுபோல் தனி வீரன் அல்ல, குழுதான் அலகு. குழுவின் மனஉறுதி தனியாகக் குறையும், உறுதி உடைந்தால் ஆள் இருந்தும் பயனில்லை. ஓடிப்போய் இடங்களைப் பிடித்தால்தான் வளம் கிடைக்கும். விதி ஒன்றுகூட அப்படியே இல்லை, ஆனால் அதே உலகம் என்று ரசிகர்கள் ஒப்புக் கொண்டார்கள்.

மூன்றாம் வழி, மேசையில் ஆசைப்பட்டும் முடியாததைச் செய்வது. நிஜப் போரில் "நீ ஒரு முறை, நான் ஒரு முறை" என்பது கிடையாது. ரைஸ்விட்ஸ் காலத்திலேயே இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் உத்தரவு எழுதினார்கள், ஆனால் அதை நடத்தி வைக்க ஒரு நடுவர் பாடுபட வேண்டியிருந்தது. 2000-ல் வந்த "காம்பாட் மிஷன்" இரண்டு பேரையும் உத்தரவு போடச் சொல்லி, பிறகு 60 வினாடிச் சண்டையை ஒரே சமயத்தில் நடத்திக் காட்டியது. அந்த ஒரு நிமிஷம் பார்த்துக் கொண்டுதான் இருக்க முடியும், கையைப் பிசையலாம்! 1824-ல் நடுவர் செய்த வேலையை 2000-ல் இயந்திரம் செய்து முடித்தது எனலாம்.

நாமே செய்து பார்ப்போம்

"இதெல்லாம் பெரிய கம்பெனி வேலை, நம்மால் ஆகுமா?" என்று கேட்கலாம். ஆகும். கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம். பழைய ரெக்கார்டு நோட்டு அட்டை, ஒரு சார்ட் பேப்பர், ஒரு பகடை போதும்.

முதலாவதாக, ஒரு கட்டம், அதைச் சுற்றி மூன்று வளையம் என்று அறுகோணம் வரையுங்கள். மொத்தம் 37 கட்டம் வரும். சிலவற்றைக் காடு என்று பச்சை அடியுங்கள்.

இரண்டாவதாக, பக்கத்துக்கு நான்கு அட்டைச் சில்லு வெட்டி, ஒவ்வொன்றிலும் பலம், நகர்வு என இரண்டு எண் எழுதுங்கள்.

மூன்றாவதாக, விதியை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

நான்காவதாக, வேறு டிபார்ட்மென்ட் நண்பர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு அந்தத் தாளை மட்டும் கொடுத்து ஆட விடுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. அவர்கள் எங்கெல்லாம் நின்று "இங்க என்னப்பா பண்றது?" என்று ஒருவரை ஒருவர் பார்க்கிறார்களோ, அங்கெல்லாம் உங்கள் விதியில் ஓட்டை என்று குறித்துக் கொள்ளுங்கள். எந்தக் கம்பைலரும் இந்தத் தவறுகளைக் காட்டாது.

ஐந்தாவதாகத்தான் கம்ப்யூட்டர் பக்கம் போக வேண்டும். எழுதும்போது ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு வரி அச்சாகட்டும்: "தாக்கு 6, காப்பு 2, விகிதம் 3:1, பகடை 4, முடிவு பின்வாங்கல்." இந்த ஒரு வரிதான் உங்கள் தராசு முள்.

இறுதி ஆண்டு புராஜெக்ட் நேரம் வந்தால் ரெடிமேடாக விலைக்குத் தருகிறோம் என்று சொல்லிக் கொண்டு வருபவர்கள் உண்டு. வாங்கினால் திரையில் எல்லாம் ஓடும். வைவாவில் "இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்று ஒரு கேள்வி விழும். வாங்கியவருக்கு அங்கே "அப்படித்தான்" என்பதைத் தவிர வேறு பதில் இருக்காது. அட்டையில் ஆடிப் பார்த்தவருக்கு ஒவ்வொரு எண்ணுக்கும் கதை தெரியும். மார்க்குக்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. வேலைக்குப் போன பிறகு நாம் எழுதும் கணக்கு ஒரு கூலியாளின் சம்பளமாகவோ, ஒரு நோயாளியின் மருந்தளவாகவோ இருக்கலாம். அங்கே "அப்படித்தான்" செல்லாது.

முடிவுரை

சதுரங்கப் பலகையில் தொடங்கி, பிரஷ்ய நடுவரின் பட்டியல், அமெரிக்க அட்டைப் பெட்டி, அடாரி கணினி என்று பயணம் செய்து இன்று நம் கைக்குள் வந்து சேர்ந்திருக்கிறது போர் விளையாட்டு. ஒவ்வொரு நிலையிலும் கணக்கின் சுமை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறியிருக்கிறது. சுமை மாறுவது நல்லதே. ஆனால் அதோடு "ஏன்" என்று கேட்கும் உரிமையும் சேர்ந்து போய்விடக் கூடாது. நல்ல வடிவமைப்பாளர் வேலையை வாங்கிக் கொள்வார், விளக்கத்தைத் திருப்பிக் கொடுப்பார்.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை செல்போனில் உங்கள் டாங்கி ஐந்தாவது கட்டத்தில் நின்றால், ஒரு நிமிஷம் நீங்களும் நில்லுங்கள். காட்டுக்கு எத்தனை, ஆற்றுக்கு எத்தனை என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள். விதியைக் கண்டுபிடித்துவிட்டால் அந்த விளையாட்டில் பாதியை நீங்களே எழுதியதற்குச் சமம். மீதிப் பாதிக்குத்தான் லேப் இருக்கிறது!